முதியோரின் இரத்தத் துத்தநாக அளவும் அல்சைமர் நோய்சார் மூளை மாற்றங்களும்

ஆய்வுச் சுருக்கம்

அல்சைமர் நோயால் இறந்தோரின் மூளைப் படிவுகளில் துத்தநாகம் மிகுந்து காணப்படுகிறது. அந்நோயாளரின் இரத்தத்திலோ அது குறைந்து காணப்படுவதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன. முரண்போலத் தோன்றும் இவ்விரு முடிவுகளும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. துத்தநாகம் உடலிலும் மூளையிலும் பகிர்ந்தமையும் முறை, அமிலாய்டு-பீட்டா புரதத்துடன் அது கொள்ளும் வினை, இரத்த அளவைப் பாதிக்கும் பிற காரணிகள், விலங்காய்வுகள், மருத்துவ ஆய்வுகள் ஆகியவை முறையே ஆராயப்படுகின்றன. இரத்தத் துத்தநாக அளவை மூளைத் துத்தநாக அளவாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதும், இரத்தத்தில் குறைவு காணப்படுவது ஒன்றையே சான்றாகக் கொண்டு முதியோருக்குத் துத்தநாக மாத்திரைகளைப் பரிந்துரைத்தல் ஏற்புடையதன்று என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: துத்தநாகம், அல்சைமர் நோய், அமிலாய்டு-பீட்டா, இரத்த ஊநீர், முதுமை, அழற்சி, உயிர்ச்சுட்டி.

முன்னுரை

1906ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் நடைபெற்ற மனநல மருத்துவர் கூட்டமொன்றில், நினைவிழப்புற்று இறந்த ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்ட இருவகை மாற்றங்களை அலோயிஸ் அல்சைமர் எடுத்துரைத்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திரண்டிருந்த படிவுகள் ஒருவகை. நரம்பணுக்களுக்குள்ளே முறுக்குண்டு கிடந்த இழைச் சிக்கல்கள் மற்றொரு வகை. படிவுகளின் முதன்மைக் கூறு அமிலாய்டு-பீட்டா என்னும் சிறுபுரதம் என்பதும், இழைச் சிக்கல்கள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை என்பதும் 1980களில் தெளிவாயின. இவ்விரு மாற்றங்களே இன்றும் அந்நோயை இனங்காணும் அடையாளங்களாக உள்ளன.

இம்மாற்றங்கள் தோன்றுவதில் உலோகங்களுக்குப் பங்குண்டா என்னும் வினா நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது. அவற்றுள் துத்தநாகம் தனித்துக் கருதத்தக்கது. ஏனெனில், இந்த ஒரு நோயைக் கருதித் துத்தநாகத்தைக் கூடுதலாக அளிக்கும் முயற்சியும், மூளைப் படிவுகளிலிருந்து அதனை விடுவிக்கும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டுள்ளன. இரண்டிற்கும் ஆய்வுச் சான்றுகள் காட்டப்படுகின்றன. ஒன்றுக்கொன்று எதிரான இரு மருத்துவ முயற்சிகள் ஒரே தனிமத்தைப் பற்றி எழுந்தமைக்குக் காரணம் என்ன, இரத்தத்தில் அளக்கப்படும் துத்தநாகம் மூளையைப் பற்றி எதனைக் கூறவல்லது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உடலில் துத்தநாகத்தின் பகிர்வு

துத்தநாகம் உயிரினங்களுக்கு இன்றியமையாதது என்பதை 1869ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு அறிவியலாளர் ழூல் ரோலன் பூஞ்சைகளைக் கொண்டு மெய்ப்பித்தார். மனிதரிடத்தில் அதன் பற்றாக்குறை நோயாக வெளிப்படும் என்பது 1960களில் இந்தியாவில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் ஈரானிலும் எகிப்திலும் மேற்கொண்ட ஆய்வுகளால் புலனாயிற்று. வளர்ச்சி குன்றிய இளைஞர்களின் உணவில் தானியங்களே மிகுந்திருந்தன. அத்தானியங்களில் உள்ள பைடேட் என்னும் பொருள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாமல் தடுத்தது.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 2 கிராம் துத்தநாகம் உள்ளது. அதில் பெரும்பகுதி தசைகளிலும் எலும்புகளிலும் அடங்கியுள்ளது. இரத்தப் பிளாஸ்மாவில் இருப்பது மொத்த அளவில் ஏறத்தாழ 0.1% மட்டுமே. அச்சிறு பகுதியும் பெரும்பாலும் அல்புமின் புரதத்துடன் பிணைந்தே சுழல்கிறது. உடல் நலமுடைய ஒருவரின் இரத்த ஊநீரில் ஒரு டெசிலிட்டருக்கு 80 முதல் 120 மைக்ரோகிராம் வரை துத்தநாகம் இருப்பது வழக்கம். காலையில் உண்ணாநிலையில் எடுக்கப்பட்ட மாதிரியில் ஏறத்தாழ 70 மைக்ரோகிராமுக்குக் கீழ்ப்படுவது குறைவெனக் கொள்ளப்படுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொண்டு முழுமையை மதிப்பிடுவதே இரத்தப் பரிசோதனையின் அடிப்படை இடர்ப்பாடாகும்.

2. மூளையில் துத்தநாகமும் அமிலாய்டுப் படிவும்

மூளையில் உள்ள துத்தநாகம் இருநிலைகளில் அமைகிறது. பெரும்பகுதி புரதங்களுடன் இறுகப் பிணைந்து நொதிகளின் உறுப்பாகச் செயற்படுகிறது. எஞ்சிய பகுதி, குளூட்டமேட்டைச் சுரக்கும் சில நரம்பணுக்களின் நுனியில் உள்ள நுண்பைகளில் தளர்ந்த நிலையில் சேமிக்கப்படுகிறது. இச்சேமிப்புக்குத் துத்தநாகக் கடத்தி-3 என்னும் புரதம் தேவை. நரம்பணு தூண்டப்படும்போது குளூட்டமேட்டுடன் துத்தநாகமும் நரம்பிணைப்பின் இடைவெளியில் வெளிப்படுகிறது. நினைவுருவாக்கத்திற்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் பகுதியில் இத்தகைய நரம்பணுக்கள் மிகுதி. அல்சைமர் நோயில் முதலில் பாதிக்கப்படும் பகுதிகளுள் அதுவும் ஒன்று என்பது கருதத்தக்கது.

1994ஆம் ஆண்டு ஆஷ்லி புஷ், ருடால்ஃப் டான்சி ஆகியோரின் குழு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது. துத்தநாகத்தின் செறிவு 300 நானோமோலாரைக் கடந்ததும் கரைசலில் இருந்த மனித அமிலாய்டு-பீட்டா விரைந்து திரளுவதை அவர்கள் கண்டனர். எலியின் அமிலாய்டு-பீட்டா அவ்வாறு திரளவில்லை. மனிதப் புரதத்தின் 6, 13, 14ஆம் இடங்களில் உள்ள ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் துத்தநாகத்தைப் பற்றுகின்றன. எலிப் புரதத்தில் 13ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் இல்லை. முதுமையடைந்த எலிகளின் மூளையில் இயல்பாக அமிலாய்டுப் படிவுகள் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் எனக் கருதப்பட்டது.

1998இல் வெளியான மற்றோர் ஆய்வில், இறந்தோரின் மூளைப் படிவுகளில் துத்தநாகச் செறிவு ஏறத்தாழ 1000 மைக்ரோமோலார் என அளக்கப்பட்டது. நோயற்றோரின் மூளைத் திசுவில் காணப்பட்ட அளவைப்போல் இது ஏறத்தாழ மும்மடங்கு. இரத்தப் பிளாஸ்மாவில் உள்ள செறிவோ 12 முதல் 16 மைக்ரோமோலார் மட்டுமே. துத்தநாகத்தை நுண்பைகளில் சேர்க்கும் கடத்தி-3 நீக்கப்பட்ட நோய்மாதிரிச் சுண்டெலிகளில் படிவுகள் பெரிதும் குறைந்தன என 2002ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இவையெல்லாம் துத்தநாகத்தைப் படிவுகளுக்குத் துணைபோகும் பொருளாகக் காட்டின.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. அமிலாய்டு-பீட்டாவைச் சிதைத்து அகற்றும் நெப்ரிலைசின், இன்சுலின் சிதைக்கும் நொதி ஆகிய இரண்டும் துத்தநாகத்தைத் தம் வினைமையத்தில் கொண்ட நொதிகள். அமிலாய்டு-பீட்டா உருவாகாதவாறு அதன் முன்னோடிப் புரதத்தை வேறிடத்தில் வெட்டும் ஆல்ஃபா-செக்ரிடேசு நொதியும் அத்தகையதே. மேலும், கடத்தி-3 இல்லாத சுண்டெலிகள் 3 மாத வயதில் இயல்பாக இருந்து, 6 மாத வயதில் நினைவாற்றல் குன்றியமை 2010இல் அறியப்பட்டது. ஆகவே, நுண்பைகளில் துத்தநாகம் இல்லாவிடில் படிவு குறைகிறது, நினைவாற்றலும் குறைகிறது. நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளில் சிக்கிய துத்தநாகம் நரம்பிணைப்புக்கும் நொதிகளுக்கும் பயன்படாமல் போகிறது. படிவில் மிகுதியும் பயன்படும் இடத்தில் குறைவும் ஒரே மூளையில் ஒரே நேரத்தில் நிகழக்கூடும்.

3. இரத்த அளவு குறித்த ஆய்வுகள்

நோயாளரின் இரத்தத் துத்தநாக அளவை நோயற்றோரின் அளவோடு ஒப்பிடும் ஆய்வுகள் 1980கள் தொட்டு வெளிவருகின்றன. 1983 முதல் 2014 வரை வெளியான 27 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிடப்பட்ட பகுப்பாய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இரத்த ஊநீர் ஆய்வுகளில் 777 நோயாளரும் 1,728 நோயற்றோரும் இடம்பெற்றனர். நோயாளரின் துத்தநாக அளவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது.

ஆனால் இருதரப்பினரின் வயதும் ஒத்திருந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது, அத்தகையவை ஆறே இருந்தன. அவற்றில் அவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. ஆய்வுகளுக்கிடையிலான முரண்பாட்டைக் காட்டும் அளவும் 91% என மிக உயர்ந்திருந்தது. வயது ஏற ஏற இரத்தத் துத்தநாகம் குறைகிறது. வயது ஏற ஏற அல்சைமர் நோயும் பெருகுகிறது. ஒப்பீட்டுக் குழுவினர் நோயாளரைவிட இளையவராயின், நோயின் விளைவாகத் தோன்றுவது முதுமையின் விளைவாகவே இருத்தல் கூடும்.

இவ்வாய்வுகளுக்கு மற்றொரு குறையும் உண்டு. பெரும்பாலானவற்றில் நோய், மருத்துவரின் நேர்முகச் சோதனையால் மட்டுமே தீர்மானிக்கப்பட்டது. மூளையில் உண்மையாகவே அமிலாய்டுப் படிவு இருந்ததா என்பது அறியப்படவில்லை. நினைவிழப்புக்கு இரத்தக்குழாய் நோய் முதலிய பிற காரணங்களும் உண்டு. மறுபுறம், நினைவாற்றல் நன்கு அமைந்த முதியோரிடத்தும் படிவுகள் உண்டு. நோய்க்குறி அற்றோரில் படிவு உடையோர் 50 வயதில் ஏறத்தாழ 10% எனவும், 90 வயதில் ஏறத்தாழ 44% எனவும் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு மதிப்பிட்டது. எனவே நோயுற்றோர், நோயற்றோர் என்னும் பழைய பகுப்பு மூளை மாற்றங்களைத் துல்லியமாகக் காட்டவில்லை.

4. வாழ்வோரின் மூளையில் படிவுகளை அளத்தல்

2004இல் பிட்ஸ்பர்க் சேர்மம்-பி என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு வாழ்வோரின் மூளையில் அமிலாய்டுப் படிவைப் பெட் ஸ்கேன் வழியே காணும் முறை அறிவிக்கப்பட்டது. பின்னர் டௌ புரதத்திற்கும் அத்தகைய முறை வந்தது. இவற்றின் துணையால் இரத்தத் துத்தநாகத்தை நோய்ப் பெயரோடு ஒப்பிடாமல் மூளை மாற்றத்தோடு நேரடியாக ஒப்பிட இயன்றது.

இம்முறையில் தென்கொரியாவில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று 2021இல் வெளியாயிற்று. 55 முதல் 90 வயதுக்குட்பட்ட, அறிவாற்றல் குன்றாத 241 பேர் அதில் பங்கேற்றனர். இரத்த ஊநீரில் துத்தநாகம் குறைந்தவர்களிடம் அமிலாய்டுப் படிவு காணப்படும் வாய்ப்பு மிகுந்திருந்தது. ஆனால் டௌ படிவு, மூளையின் குளுக்கோசுப் பயன்பாடு, புறணித் தடிமன் போன்ற பிற மாற்றங்களோடு துத்தநாக அளவுக்குத் தொடர்பு காணப்படவில்லை. நோய்க்குறி தோன்றாதவரிடத்து இத்தொடர்பு புலப்பட்டமையால், நோயுற்றபின் உணவு குறைவதே துத்தநாகக் குறைவுக்குக் காரணம் என்னும் விளக்கம் இங்கு வலுவிழக்கிறது.

எனினும் இரத்தமும் படிவும் ஒரே காலத்தில் அளக்கப்பட்ட குறுக்குவெட்டு ஒப்பீடு என்பதால், எது முந்தியது என்பதை இது கூறாது. நோய்க்குறிகள் தோன்றுவதற்கு 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்பே படிவு தொடங்கிவிடுகிறது. அத்தகைய நீண்ட நிகழ்வை ஒருநாள் காலையில் எடுக்கப்பட்ட இரத்தத்தைக் கொண்டு விளக்கிவிட இயலாது.

5. இரத்த அளவைப் பாதிக்கும் காரணிகள்

இரத்தத் துத்தநாகத்தின் குறைவு உணவுப் பற்றாக்குறையால் மட்டும் ஏற்படுவதன்று. உடலில் அழற்சி எழும்போது இன்டர்லூக்கின்-6 என்னும் சமிக்ஞைப் புரதம் கல்லீரலைத் தூண்டுகிறது. கல்லீரல், துத்தநாகத்தை உள்ளிழுக்கும் கடத்திகளையும் அதனைப் பிணைத்துவைக்கும் மெட்டலோதயோனினையும் மிகுதியாக ஆக்குகிறது. அதனால் உடலின் மொத்தத் துத்தநாகம் குறையாத நிலையிலும் இரத்த அளவு சில மணி நேரத்தில் சரிகிறது. முதுமையில் வெளிப்படையான நோயின்றியே மெல்லிய அழற்சி நீடிப்பது பொதுவான இயல்பு. அழற்சி அல்சைமர் நோயின் போக்கோடும் தொடர்புடையது. ஆகவே அழற்சி என்னும் ஒரே காரணம் இரத்தத் துத்தநாகத்தைக் குறைத்து, மூளைப் பாதிப்பையும் கூட்டியிருக்கலாம்; அந்நிலையில் முன்னதைப் பின்னதற்குக் காரணமாகக் கூறுதல் பிழையாகும்.

அல்புமின் குறைந்தாலும் அளவு குறையும். உணவு உண்டபின் குறையும். காலையைவிட மாலையில் வேறுபடும். இரத்த அழுத்தத்திற்காக முதியோர் உட்கொள்ளும் தயசைடு வகை மருந்துகள் சிறுநீர்வழித் துத்தநாக இழப்பைக் கூட்டுகின்றன. மாதிரியில் சிவப்பணுக்கள் சிதைந்தால் அவற்றிலுள்ள துத்தநாகம் கலந்து அளவு பொய்யாக உயரும். சாதாரணச் சோதனைக் குழாயின் மூடியிலிருந்தும் துத்தநாகம் கலக்கக்கூடும். ஆய்வு முடிவுகளின் முரண்பாட்டில் ஒரு பகுதி இத்தகைய அளவீட்டு வேறுபாடுகளிலிருந்தே பிறந்திருத்தல் வேண்டும்.

இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே இரத்த-மூளைத் தடுப்பு உள்ளது. மூளைத் தண்டுவடத் திரவத்தில் துத்தநாகச் செறிவு ஏறத்தாழ 0.15 மைக்ரோமோலார், பிளாஸ்மா அளவில் இது நூறில் ஒரு பங்கு அளவே. தடுப்பைக் கடந்து செல்லும் துத்தநாகம் கடத்திப் புரதங்களால் கட்டுப்படுத்தப்படுவதால், இரத்தத்தில் நிகழும் குறுகியகால ஏற்ற இறக்கம் மூளையில் அவ்வாறே எதிரொலிப்பதில்லை.

6. விலங்காய்வுகள் காட்டுவன

உணவில் துத்தநாகத்தை மாற்றிப் பார்த்த விலங்காய்வுகள் ஒரே திசையைக் காட்டவில்லை. துத்தநாகம் குறைந்த உணவளிக்கப்பட்ட நோய்மாதிரிச் சுண்டெலிகளில் படிவுகளின் மொத்தப் பருமன் ஏறத்தாழ 25% கூடியதாக 2007இல் அறிவிக்கப்பட்டது. 2010இல் வெளியான ஆய்வில், நீண்டகாலம் துத்தநாகம் கூட்டி அளிக்கப்பட்ட வேறுவகை நோய்மாதிரிச் சுண்டெலிகளில் அமிலாய்டு, டௌ ஆகிய இரண்டின் பாதிப்பும் குறைந்து நினைவாற்றல் காக்கப்பட்டது.

2021இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வேறொரு வழியைக் காட்டியது. துத்தநாகம் குறைந்த உணவு சுண்டெலிகளின் நினைவாற்றல் சரிவை விரைவுபடுத்தியது. ஆனால் அமிலாய்டு அளவு மாறவில்லை. மூளையின் நோயெதிர்ப்பு அணுக்களில் என்.எல்.ஆர்.பி.3 என்னும் அழற்சித் தொகுதி தூண்டப்பட்டமையே அதற்குக் காரணம் எனத் தெரிந்தது; அத்தொகுதி நீக்கப்பட்ட சுண்டெலிகளில் அந்தச் சரிவு நிகழவில்லை. இதனை நோக்கின், துத்தநாகக் குறைவு படிவை உண்டாக்காமலேயே, அழற்சியின் வழியாக நோயின் போக்கை மாற்றுதல் கூடும்.

7. மருத்துவ ஆய்வுகள்

துத்தநாகத்தைப் படிவுகளிலிருந்து விடுவிக்கும் நோக்கில் முதலில் கிளியோகுயினால் என்னும் பழைய மருந்து ஆராயப்பட்டது. 2001இல் சுண்டெலிகளில் 9 வாரச் சிகிச்சைக்குப் பின் மூளையின் அமிலாய்டு அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆயின் அம்மருந்து ஜப்பானில் கடும் நரம்புப் பாதிப்போடு தொடர்புபடுத்தப்பட்டு 1970இல் விலக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலான பி.பி.டி.2 என்னும் மருந்து 2008இல் வெளியான 12 வார ஆய்வில் தண்டுவடத் திரவத்தின் அமிலாய்டு அளவைக் குறைத்தது. 2014இல் அறிவிக்கப்பட்ட, 42 பேர் பங்கேற்ற 12 மாத ஆய்விலோ, பெட் ஸ்கேன் காட்டிய படிவு அளவில் வெற்று மருந்துக் குழுவினின்று உறுதியான வேறுபாடு இல்லை.

துத்தநாகத்தைக் கூட்டி அளித்ததன் விளைவுக்கு, முதுமைசார் கண்நோய்க்காக அமெரிக்காவில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு சான்றளிக்கிறது. அதில் நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் துத்தநாகம், 2 மில்லிகிராம் செம்பு ஆகியவை அளிக்கப்பட்டன. பங்கேற்றோருள் 2,166 பேரின் அறிவாற்றல் ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்குப் பின் சோதிக்கப்பட்டது. துத்தநாகம் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. நன்மையும் புலப்படவில்லை, அஞ்சப்பட்ட தீமையும் புலப்படவில்லை. அவர்கள் துத்தநாகக் குறைவு உடையோர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அந்த ஆய்வில் செம்பு உடன் அளிக்கப்பட்டமைக்குக் காரணம் உண்டு. மிகுதியான துத்தநாகம் குடலணுக்களில் மெட்டலோதயோனினைப் பெருக்குகிறது. அது செம்பைப் பிணைத்து உறிஞ்சவொட்டாமல் தடுக்கிறது. நீடித்த செம்புக் குறைவு இரத்தசோகையையும், நடை தள்ளாடும் தண்டுவடப் பாதிப்பையும் விளைவிக்கும். நினைவைக் காக்க எண்ணி உட்கொள்ளப்படும் மாத்திரை முதியவரின் நடையைக் கெடுத்தல் கூடும் என்பது வெறும் கற்பனையன்று.

8. இந்தியச் சூழலில் கருதத்தக்கவை

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4% பேர் முதுமை மறதியால் பாதிக்கப்பட்டுள்ளனர் என 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. தானியமும் பருப்பும் மிகுந்த உணவில் பைடேட் மிகுதி. இதனைக் கருதியே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 17 மில்லிகிராமும், பெண்களுக்கு 13.2 மில்லிகிராமும் பரிந்துரைத்தது. அமெரிக்கப் பரிந்துரை முறையே 11, 8 மில்லிகிராம். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகிய சமையல் முறைகள் பைடேட்டைக் குறைக்கின்றன. உணவு முறையும் நோய்த்தொற்றுச் சூழலும் வேறுபடுவதால் கொரிய முதியோரிடம் கண்ட தொடர்பை இங்குள்ள முதியோருக்கு அப்படியே பொருத்த இயலாது. இத்துறையில் இங்கு மேற்கொள்ளப்படும் ஆய்வுகள் உண்ணாநிலைக் காலை மாதிரி, கனிமக் கலப்பற்ற குழாய், அழற்சிச் சுட்டியும் அல்புமினும் உடன் அளக்கப்படுதல், சில ஆண்டு இடைவெளியில் மறு அளவீடு ஆகியவற்றைக் கொள்ளுதல் வேண்டும். பெட் ஸ்கேன் எட்டாத இடங்களில், பாஸ்பேட் இணைந்த டௌ-217 போன்ற இரத்த உயிர்ச்சுட்டிகள் மூளை மாற்றங்களை மதிப்பிடத் துணைநிற்கும்.

முடிவுரை

அல்சைமர் நோயில் துத்தநாகம் மிகுகிறதா, குறைகிறதா என்னும் வினா, எவ்விடத்தில் என்பதைக் குறிப்பிட்டாலன்றி விடை பெறாது. படிவுகளில் அது குவிகிறது. நரம்பிணைப்பில் அது தட்டுப்படக்கூடும். இரத்தத்தில் அதன் அளவு உணவு, அழற்சி, அல்புமின், மருந்து, வயது ஆகிய பலவற்றின் கூட்டு விளைவாக அமைகிறது. அறிவாற்றல் குன்றாத முதியோரிடத்துக் குறைந்த இரத்தத் துத்தநாகம் அமிலாய்டுப் படிவோடு சேர்ந்து காணப்படுவது மேலும் ஆராயத் தூண்டும் செய்தியாகும். ஆயினும் அது காரண உறவை நிறுவவில்லை. இரத்தத்தில் குறைவு உறுதிப்பட்ட முதியவருக்கு அக்குறைவைப் போக்குவது பொதுநல மருத்துவத்தின் கடமை. குறைவு இல்லாதவருக்கு நினைவாற்றலைக் காக்கும் மருந்தாக அதனை அளிப்பதற்கு இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் இடந்தரவில்லை. துத்தநாகக் குறைவு உறுதிப்பட்ட முதியோரைத் தேர்ந்து, அழற்சியையும் படிவையும் உடன் அளந்து, ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆய்வே இவ்வினாவுக்கு உறுதியான விடை தரவல்லது.